ஆறாத பல்லுக்குழிக்கு யாரு பொறுப்பு?

பல் ஆஸ்பத்திரி வேலையில ரத்தத்துக்குப் பழகிரலாம், சந்தேகத்துக்குப் பழகவே முடியாது.

காரைக்குடியில ஒரு பல் டாக்டர்கிட்ட பதினாறு வருசமா உதவிக்கு நிக்கிறேன். பேரு வளர்மதி. நர்ஸுக்கெல்லாம் படிக்கலை. ஆனா வாரவுக எல்லாரும் 'நர்ஸம்மா'ன்னுதான் கூப்புடுறாக, நானும் திருத்துறதில்ல. டாக்டர் கை நீட்டுறதுக்குள்ள சாமானை எடுத்து வைக்கணும். வேலை முடிஞ்ச சாமானைக் கழுவி ஆவியில அவிச்சு எடுக்கணும். பல்லு புடுங்கி முடிச்சவுககிட்ட மாத்திரைக் கவரைக் குடுத்து, எப்ப எப்பிடிச் சாப்பிடணும்னு சொல்லி அனுப்பணும். இதுதான் என் பொழப்பு.

நீங்களும் ஒரு தடவையாச்சும் அந்த நாற்காலியில மல்லாந்து படுத்துக்கிட்டு, வர்ற ஊசியை ஓரக்கண்ணால பாத்திருப்பீக. 'இந்த மனுசன் சரியான பல்லைத்தான் புடுங்குவாரா'ன்னு ஒண்ணு தோணும் பாருங்க, அந்தச் சந்தேகத்தைத்தான் சொல்றேன். உங்களுக்கு அது அரை மணி நேரத்துச் சமாச்சாரம். எனக்கு அது போன வருசம் வேலைக்கே உலை வைக்கப் பாத்துச்சு. பட்டவுக நீங்க, அதனால உங்ககிட்டச் சொன்னாத்தான் புரியும்.

காலிக் கவரு

சிங்கம்புணரி சந்தையில தேங்காய் யாவாரம் பண்றவரு ஒருத்தரு வந்தாரு. கடவாய்ப்பல்லு. வேரு வளைஞ்சு கெடந்ததுல புடுங்கி முடிக்க முக்கா மணி நேரம் ஆகிப்போச்சு. மூணு நாளைக்கு வலி மாத்திரை, கூடவே புண்ணு சீழ் புடிக்காம இருக்க ஒரு மாத்திரை. "வெறும் வயித்துல போடாதீக, சாப்பிட்டுட்டுப் போடுங்க"ன்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லி அனுப்புனேன். மூணாம் நாளு வாராரு, கன்னத்துல எலுமிச்சம்பழத்தை அடக்குனாப்புல வீக்கம். "மாத்திரை சாப்பிட்டீகளா?" "சாப்பிட்டாச்சு." "எல்லாத்தையுமா?" "எல்லாத்தையுந்தேன்." கவரைக் காட்டுனாரு, காலி.

எனக்கு நம்பிக்கையில்ல. மூணு நாளு வலி மாத்திரை உள்ள போன மூஞ்சி இப்பிடிச் சுருங்கிக் கெடக்காது. பக்கத்துல நின்ன அவரு சம்சாரம் என் கண்ணைப் பாக்காம, சொவத்துல மாட்டியிருக்கிற பல்லுப் படத்தையே பாத்துக்கிட்டு நின்னாக. எங்க ஆஸ்பத்திரி மாடியில. போன தடவை படிக்குப் படி நின்னு, முழங்காலைப் புடிச்சுக்கிட்டு ஏறுன மனுசி, இன்னைக்கு வீட்டுக்காரருக்கு முன்னாடி விறுவிறுன்னு வந்து நிக்கிறாக. எனக்குப் பொறி தட்டிருச்சு.

"அக்கா, முழங்கால் எப்பிடி இருக்கு?"ன்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டேன். "இப்பத் தேவலைம்மா"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டாக. அம்புட்டு வலி மாத்திரையும் முழங்காலுக்குப் போயிருக்கு! அந்த மனுசன் பாவம், உப்புத்தண்ணியைக் கொப்புளிச்சுக்கிட்டே மூணு நாளைத் தள்ளியிருக்காரு. நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டேன். அந்தம்மா கொஞ்சங்கூட அசரலை. "வீட்டுல யாருக்கு வலி சாஸ்தியோ, அவுகதான நர்ஸம்மா சாப்பிடணும்?"

செல்போன்ல படிச்சவரு

சவூதியில வேலை பாத்துட்டு லீவுல வந்த பாய் ஒருத்தரு. நல்ல மனுசன், பேரீச்சம்பழப் பாக்கெட்டெல்லாம் கொண்டாந்து குடுத்தாரு. பல்லைப் புடுங்குற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. மாத்திரைக் கவரைக் கையில குடுத்ததும்தான் செல்போனை எடுத்தாரு. வலி மாத்திரை சாப்பிட்டா பல்லுக்குழி ஆற லேட்டாகும்னு அதுல போட்டிருக்காம். "தெரிஞ்சுதான் குடுக்குறீகளா, தெரியாம குடுக்குறீகளா?"ன்னு ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, கள்ள நோட்டைப் பாக்குற பார்வை.

எங்க டாக்டரு பொறுமைசாலி. கையுறையைக் கழட்டிட்டு உக்காந்து சொன்னாரு. "புடுங்குன குழியில முதல்ல ரத்தம் உறையும். அது மேலதான் புதுச் சதை வளரும். அதுக்கு ஆரம்பத்துல கொஞ்சம் வீக்கமும் வேணும், உடம்பு தன் வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். வலி மாத்திரையில சிலது அந்த வீக்கத்தை அமுக்குது. அதனால ரொம்ப நாளு தொடர்ந்து சாப்பிட்டா புண்ணு ஆறுறது தள்ளிப்போகலாம்னு எலியை வச்சுப் பாத்தவுக சிலபேரு சொல்றாங்க. மனுசனுக்கும் அப்படித்தான்னு யாரும் இன்னும் அடிச்சுச் சொல்லலை. நான் குடுத்திருக்கிறது மூணு நாளைக்கு. வலிச்சா சாப்பிடுங்க, வலி நின்னா நிறுத்திருங்க. அம்புட்டுத்தான்."

பாய் எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டுக்கிட்டாரு. செருப்பை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போனவரு, திரும்பி வந்து டாக்டர் அறைக் கதவைப் பாதி தெறந்தாரு. மொகத்துல அம்புட்டு சந்தேகம். "எல்லாஞ் சரி டாக்டர், அந்த எலிக்கு யாரு பல்லு புடுங்கி விட்டது?"

டேப்பு

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற சந்தேகம். சிரிப்பு நின்ன கதைக்கு வாரேன்.

ஒரு தையக்காரம்மா, பல்லு புடுங்கி அஞ்சு நாளு கழிச்சு அழுதுக்கிட்டே வந்தாக. வாயைத் தெறந்தா, குழியைச் சுத்தி ஈறு வெள்ளை வெளேர்னு வெந்து கெடக்கு. தொட்டா உயிர் போகுது. டாக்டர் இப்பிடி ஒரு புண்ணைக் கண்டதே இல்லை. "கிராம்பு வச்சீங்களா? சுண்ணாம்பு? புகையிலை?"ன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு. அந்தம்மா சத்தியம் பண்ணாத கொறையா இல்லவே இல்லைன்னுட்டாக. கழுவி மருந்து வச்சு அனுப்புனோம். அடுத்த வாரத்துல அதே மாதிரி இன்னொருத்தரு. அதுக்கடுத்து ஒரு கல்யாணப் பொண்ணு, தேதி குறிச்சாச்சு, கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. அவுக அம்மா படிக்கட்டுல நின்னு, வரிசையில உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் கேக்குறாப்புல, "இங்க புடுங்குனா புண்ணு ஆறாது, வேற எங்குட்டாச்சும் போங்க"ன்னு சொல்லிட்டுப் போனாக. உக்காந்திருந்ததுல ரெண்டு பேரு அப்பவே எந்திரிச்சுப் போயிட்டாக.

புண்ணு ஆறலைன்னா முதல் சந்தேகம் எங்க வரும்? சாமானு சுத்தமில்லைன்னுதான் வரும். சாமானு யாரு பொறுப்பு? நான்தான். ஆவியில அவிக்கிற மிஷினை நாங்க குக்கருன்னுதான் சொல்லுவோம். அதுக்குள்ள வைக்கிற பொட்டலத்து மேல ஒரு டேப்பு ஒட்டணும். சூடு சரியா ஏறுச்சுன்னா டேப்புல இருக்கிற கோடு கறுத்துரும். பதினாறு வருசமா அந்த டேப்பைப் பிச்சு, ஒரு நோட்டுல தேதி போட்டு நான் ஒட்டிக்கிட்டு வாரேன். ஒரு நாளும் டாக்டர் அதைப் பாத்ததில்ல, பாக்கணும்னு நெனைச்சதுமில்ல.

அன்னைக்குச் சாயந்தரம் டாக்டர் எந்திரிச்சு வந்து குக்கருக்குப் பக்கத்துல நின்னாரு. நான் கழுவுறதையே பாத்தாரு. என் கையிலேர்ந்து இடுக்கி ஒண்ணு தொட்டிக்குள்ள நழுவி விழுந்துச்சு. மனுசன் கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ரொம்ப மரியாதையா, என் மூஞ்சியைப் பாக்காம கேட்டாரு. "வளர்மதி, அந்த டேப்பு நோட்டைக் கொஞ்சம் குடுங்களேன்."

மருந்துக்கடையில

அழுதேன், மறைக்க என்ன இருக்கு. வீட்டுல போயி அடுப்படியில நின்னு அழுதேன். அப்புறம் மூஞ்சியைக் கழுவிக்கிட்டு யோசிச்சேன். என் கை சுத்தம், எனக்குத் தெரியும். அப்ப வேற எவனோ எதுலயோ கைய வச்சிருக்கான். மறுநாளிலேர்ந்து நான் பாக்காத ஆளு இல்ல, சந்தேகப்படாத சாமானு இல்ல. தண்ணித் தொட்டியை எட்டிப் பாத்தேன். பஞ்சுக் கட்டை மோந்து பாத்தேன். முன்னாடி டோக்கன் குடுக்கிற பொண்ணு நசீமா எம்பக்கத்துல வந்தாக்கூட, இவ எதுக்கு இங்குட்டு வாரான்னு தோணுச்சு. எம்புத்தி அப்பிடி ஆகிப்போச்சு.

கடைசியில மாத்திரையிலதான் வந்து நின்னுச்சு. அந்த சவூதி பாய் சொன்னது மண்டைக்குள்ளேயே ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒருவேளை இந்தத் தடவை வந்த வலி மாத்திரையே போலியா இருந்தா? மாடிக்குக் கீழ இருக்கிற மருந்துக்கடையிலதான் நாங்க வாங்குறது. போயி, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், தேதியைப் பாத்தேன், ஒரு மாத்திரையைத் தண்ணியில போட்டுக்கூடப் பாத்தேன். கடைக்காரரு என்னைய விட மூத்தவரு, மூக்குக்கண்ணாடியை எறக்கி விட்டுக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக, இது நல்ல மாத்திரைதான?"ன்னு கேட்டேன். அவரு கோவிச்சுக்கலை. கடைக்கு முன்னாடி நின்ன கூட்டத்தைக் காட்டுனாரு. "இதே மாத்திரையைத்தான் பாதி காரைக்குடி மூட்டுவலிக்கு வாங்கித் திங்கிது. சரியில்லைன்னா இந்நேரம் என்னைய உதைச்சிருப்பாக, அம்புட்டுப் பேருக்கும் காலு நல்லா இருக்கே!"

ஒண்ணாந் தேதி

நாலாவது புண்ணும் வந்துச்சு. அன்னைக்கு டாக்டர் என்னைய உள்ள கூப்புட்டாரு. மேசை மேல என் டேப்பு நோட்டு. எல்லாக் கோடும் கறுத்துத்தான் இருக்கு, அவரும் அதை ஒத்துக்கிட்டாரு. "ஆனா ஜனங்க பேசுறாங்க வளர்மதி. ஒண்ணாந் தேதியிலேர்ந்து மதுரையில படிச்ச பொண்ணு ஒண்ணு வருது. குக்கரை அது பாத்துக்கிரட்டும். நீங்க முன்னாடி டோக்கன் பாருங்க"ன்னாரு.

சம்பளம் கொறையாதாம். அதைக் கேட்டதும் இன்னும் வயித்தெரிச்சலா இருந்துச்சு. அப்ப நான் அழுக்குக்காரின்னுதான அர்த்தம்? பதினாறு வருசம் கழுவிக் கழுவி என் விரல்நகம் தேஞ்சு போச்சு. நாளைக்குக் கடைத்தெருவுல யாராச்சும், 'ஏன் நர்ஸம்மா உள்ள இல்லை'ன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவேன்? ஒண்ணாந் தேதிக்கு ஒம்போது நாளு இருந்துச்சு.

வெளிய வந்து நசீமா பக்கத்துல உக்காந்தேன். சொன்னேன். ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லும்னு பாத்தா, அந்தப் பொண்ணு மொகம் என் மொகத்தைவிட வெளுத்துப்போச்சு. டோக்கன் பெட்டியை இழுத்து மடியில வச்சுக்கிட்டு என்னையப் பாத்துச்சு. "அக்கா, நீங்க இங்குட்டு வந்தா நான் எங்குட்டு போறது?"

டீ மாஸ்டரு

அஞ்சாவது ஆளு ஒரு டீ மாஸ்டரு. புடுங்கி நாலு நாளு. சனிக்கிழமை மத்தியானம், டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரம், 'எரியுது நர்ஸம்மா'ன்னு வந்து நின்னாரு. நான் வாய்க்குள்ள பாக்கக்கூடாதுதான். ஆனா ஒண்ணாந் தேதிக்கு இன்னும் ஆறே நாளு, எனக்கு எது கூடும் கூடாதுன்னு பாக்குற நெலமை இல்ல. நாற்காலியில உக்கார வச்சு, லைட்டைப் போட்டு, சின்னக் கண்ணாடியை உள்ள விட்டேன்.

அதே வெள்ளைப் புண்ணு. ஆனா நடுவுல, குழிக்குள்ள, என்னமோ பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இடுக்கியால எடுத்துப் பஞ்சுல வச்சேன். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, பாதி கரைஞ்ச மாத்திரை! ஓரத்துல இங்கிலீஷ் எழுத்து பாதி இன்னும் அழியாம இருக்கு. நானே என் கையால கவர்ல போட்டுக் குடுத்த வலி மாத்திரை.

"இதை எதுக்குய்யா இங்க வச்சீரு?"ன்னு கத்திட்டேன். "வலி மாத்திரைதான, வலிக்கிற எடத்துல வச்சேன்"னாரு. "புடுங்குன அன்னைக்கே குழியில எதையும் வைக்காதீகன்னு டாக்டர் சொன்னாரே!" "அவரு கிராம்பு, சுண்ணாம்பைத்தான சொன்னாரு? மாத்திரையைச் சொல்லலையே." எனக்குத் தலை சுத்துச்சு. சதையில வச்ச மாத்திரை சதையை வேக வைக்காம என்ன செய்யும்? ஓடிப்போயி ரெஜிஸ்டரை எடுத்தேன். மாத்திரை பேரையும் தேதியையும் நூறு தடவை பாத்த எனக்கு, ஊரு பேரைப் பாக்கணும்னு தோணவே இல்லை. தையக்காரம்மா, கல்யாணப் பொண்ணு, மத்த ரெண்டு பேரு, எல்லாரும் பள்ளத்தூரு. "உமக்கு எந்த ஊருய்யா?"ன்னேன், பதில் தெரிஞ்சுக்கிட்டே. டீ மாஸ்டரு பஞ்சைக் கடிச்சுக்கிட்டு என்னைய விசித்திரமாப் பாத்தாரு. "பள்ளத்தூருதேன். எங்க ஊருல டீச்சர் சொன்னதுலேர்ந்து எல்லாரும் இப்பிடித்தான வைக்கிறோம்?"

டீச்சரு

ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸுல பள்ளத்தூருக்குப் போயிட்டேன். டாக்டர்கிட்ட இன்னும் சொல்லலை. அந்த டீச்சரை நேர்ல புடிச்சு, ரெண்டு கேள்வி நறுக்குன்னு கேட்டு, கையோட காரைக்குடிக்குக் கூட்டியாந்து டாக்டர் முன்னாடி நிறுத்தணும்னு மனசுல ஒத்திகையே பாத்துக்கிட்டுப் போனேன். பல்லு புடுங்குன எடத்துல மாத்திரையை வைக்கச் சொன்ன புண்ணியவதி யாருன்னு எனக்கும் தெரியணும்ல.

வீட்டைக் கண்டுபுடிக்கிறது கஷ்டமா இல்ல, யாரைக் கேட்டாலும் 'டீச்சர் வீடா, அங்குட்டுப் போங்க'ன்னு கை காட்டுனாக. கதவைத் தெறந்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்ககிட்டயே கடவாய்ப்பல்லு புடுங்குனவுக. அவுகளுக்கு என்னையப் பாத்ததும் அம்புட்டு சந்தோசம். காபி போட்டுக் குடுத்தாக. நான் காபியைத் தொடாம, "டீச்சர், வலி மாத்திரையை முழுங்காம குழியில வைக்கணும்னு ஊருக்கே சொல்லியிருக்கீகளாமே, அது யாரு உங்களுக்குச் சொன்னது?"ன்னேன்.

டீச்சரு உள்ள போயி ஒரு நோட்டை எடுத்தாந்தாக. எந்த டாக்டர்கிட்டப் போனாலும் சொன்னதை எழுதி வைக்கிற பழக்கமாம். பக்கத்தைப் புரட்டி, விரலை வச்சு, என் பக்கம் திருப்புனாக. தேதி போட்டு, அழகான கையெழுத்துல எழுதியிருந்துச்சு: 'வலி மாத்திரை - குழியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், நேராக வேலை செய்யும். சொன்னவர்: நர்ஸ் வளர்மதி.'

அப்பத்தான் எனக்கு அந்த நாளு ஞாபகம் வந்துச்சு. முகூர்த்த நாளு முடிஞ்ச மறுநாளு, ஆஸ்பத்திரியில நிக்க எடமில்லை. டீச்சரு கவரை வச்சுக்கிட்டு நகராம கேக்குறாக. வயித்துக்கு ஆகுமா, கிட்னிக்கு ஆகுமா, சாப்பிட்டு எத்தனை நிமிசம் கழிச்சு, புண்ணு ஆறுமா ஆறாதா. கடைசியா, "வலி வாயில இருக்கு, மாத்திரை எதுக்கு வயித்துக்குப் போயி உடம்பெல்லாம் சுத்தணும்?"னாக. ரெண்டு கையிலயும் தட்டோட நின்ன நான், எரிச்சல்ல, "அப்பிடின்னா குழியிலேயே வச்சுக்கிருங்க டீச்சர், நேரா வேலை செய்யும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். நக்கலுக்குச் சொன்னது. அன்னைக்கே மறந்தும் போயிட்டேன்.

"டீச்சர், அது நான் வெளாட்டுக்குச் சொன்னது"ன்னு நோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னேன். அவுகளுக்கும் புண்ணாகி மூணு வாரம் கஞ்சியிலயே இருந்திருக்காக. மருந்து வேலை செய்யுறதாலதான் எரியுதுன்னு பல்லைக் கடிச்சுப் பொறுத்திருக்காக. கோவப்படுவாகன்னு நெனைச்சேன். அவுக நோட்டை மூடிட்டு, ஒரு பிள்ளையைக் கண்டிக்கிற மாதிரியும் இல்லாம, வருத்தமாச் சொன்னாக. "சிரிச்சுக்கிட்டே சொல்லியிருந்தீகன்னா வெளாட்டுன்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும், நீங்க மாஸ்க்குல்ல போட்டிருந்தீக."

திங்கக்கிழமை

திரும்பி வர்ற பஸ்ஸுல எம்புத்தி போன போக்கைச் சொல்லவா? டீச்சர் சொல்லித்தான் வச்சாகன்னு டாக்டர்கிட்டச் சொன்னாப் போதும். அது பொய்யும் இல்ல. டீ மாஸ்டரு வாயிலேர்ந்து எடுத்த மாத்திரையைப் பஞ்சோட ஒரு டப்பாவுல பத்திரமா வச்சிருந்தேன், அதைக் காட்டுனாலே குக்கரு என் கைக்கு வந்துரும். டீச்சர் நோட்டை டாக்டர் எங்க போயி பாக்கப் போறாரு? நான் சொன்னதா தெரிஞ்சா, டோக்கன் வேலைகூட நிக்குமோ நிக்காதோ. காரைக்குடி வந்து எறங்குற வரைக்கும் டீச்சரைக் காட்டிக்குடுக்குறதுன்னுதான் முடிவு பண்ணியிருந்தேன்.

திங்கக்கிழமை காலையில டப்பாவோட டாக்டர் முன்னாடி நின்னேன். டப்பாவைத் தெறந்து காட்டுனேன். மனுசனுக்கு அப்பிடி ஒரு நிம்மதி, நாற்காலியிலேர்ந்தே எந்திரிச்சுட்டாரு. "அட, இதுதானா! சாமானு இல்ல, மாத்திரையா!"ன்னாரு. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "உங்களைப் போயி சந்தேகப்பட்டுட்டேன் வளர்மதி, மனசுல வச்சுக்காதீங்க"ன்னாரு. அந்த வார்த்தையை அவரு சொல்லாம இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். பாவி மனுசன் மன்னிப்புக் கேட்டதும் எனக்குத் தாங்கலை. பள்ளத்தூரு, டீச்சரு, நோட்டு, நான் சொன்ன நக்கலு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம கொட்டிட்டேன். சொல்லி முடிச்சுட்டு, "கல்யாணப் பொண்ணு கன்னத்துக்கும் நான்தான் காரணம் சார்"னு அழுதுட்டேன்.

டாக்டர் சன்னல்கிட்டப் போயி நின்னாரு. அப்புறம் ரெஜிஸ்டரை எடுத்து என் கையில குடுத்து, ரெண்டு மாசத்துல பல்லு புடுங்குன ஒவ்வொருத்தருக்கும் நானே போன் போட்டு, மாத்திரையை முழுங்கணும், குழியில எதுவும் வைக்கக்கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு. கல்யாணப் பொண்ணு வீட்டுக்கு நேர்லயே போயி சொல்லிட்டு வரணும்னாரு. அவுக அம்மா வாயில நான் வாங்கப்போறதை நெனைச்சு அப்பவே கதிகலங்குச்சு, ஆனாலும் சரின்னேன். மதுரைப் பொண்ணுக்கு வர வேணாம்னு அவரே போன் போட்டாரு. நான் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுக் குக்கர் பக்கம் போறப்ப, பின்னாடியிருந்து குரல் வந்துச்சு. "கை சுத்தமாத்தான் இருக்கு வளர்மதி. இனிமே பொட்டலம் வைக்கிறப்ப அந்த வாயையும் சேத்து குக்கருக்குள்ள வச்சு எடுங்க!"

இப்பெல்லாம் யாரு மாத்திரையைப் பத்தி எத்தனை கேள்வி கேட்டாலும் மாஸ்க்கைக் கீழ எறக்கிவிட்டுக்கிட்டு, 'தண்ணி ஊத்தி முழுங்குங்க'ன்னு மூணே வார்த்தைதான் சொல்றேன், அதையும் எந்த மகராசி என்னன்னு எழுதி வச்சுக்கிட்டுப் போறாகளோங்கிற சந்தேகம் மட்டும் எந்த மாத்திரைக்கும் ஆற மாட்டேங்குது.